அந்த மாத்திரையை யார் நிறுத்தியது

எனக்கு வந்தது பக்கவாதம். கை கால் விழுந்ததைவிட வாய் விழுந்ததுதான் எனக்குப் பெரிய அடி. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தினமும் பத்து வரி எழுதச் சொன்னாள். அப்படி எழுதியதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பல இடங்களில் எனக்கு நினைவு இல்லை. என் வீட்டுக்காரரையும், கூட வேலை செய்யும் பர்வீனையும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் இரண்டு பேரும் சொன்னது ஒன்றாக இல்லை. அதனால் இதில் குழப்பம் இருந்தால் அது என் மூளையின் குற்றம் மட்டும் அல்ல.

என் பெயர் கஸ்தூரி. வயது ஐம்பத்து நான்கு. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையல் விட்டிருந்தாலோ தோலில் தழும்பு இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக நின்றுகொண்டே பார்க்கிற வேலை.

அன்று காலையில் நான் நல்ல பீஸ்களில் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேனாம். பக்கத்து மேசையில் இருந்த பர்வீன்தான் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, இன்னா பண்றே? இதுல ஒண்ணுமே இல்லியே."

நான் பதில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். ஆனால் பர்வீனின் முகம் மாறிய விதம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்னது தமிழும் இல்லை, அவள் வீட்டில் பேசுகிற உருதுவும் இல்லை என்று பிறகு சொன்னாள். அடுத்த ஸ்டிக்கரை எடுக்கப் போனேன். விரல் வரவில்லை. விரல் என்னுடையது என்பதே அந்த நேரத்தில் சந்தேகமாக இருந்தது.

"லோ சுகரா இருக்கும், சக்கரைத் தண்ணி குடுங்க" என்று யாரோ கொண்டுவந்தார்கள். அது வாயின் வலது ஓரத்தில் வழிந்தது. உடனே பர்வீன் டம்ளரைத் தட்டிவிட்டு சூப்பர்வைசரிடம், "சார், இவங்க வாய் கோணிக்கிச்சு. வண்டி எடுங்க. வேலூர் போவணும்" என்று கத்தியிருக்கிறாள். விழுங்க முடியாதவர்களுக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். பர்வீனுக்கு அது தெரியாது. அவள் பயத்தில்தான் தட்டிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் முருகேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவை ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டு கம்பெனி வேனில் ஏறிக்கொண்டார். வேலூர் போகும் வழியில் பள்ளிகொண்டாவில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் மீனா ரோட்டோரம் வந்து நின்றாள். வேன் முழுதாக நிற்பதற்குள் ஏறிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, நான் யாரு?" என்று கேட்டாள். யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேர்தான் கிடைக்கவில்லை. அலமாரியில் புடவை இருக்கிறது, கைவிட்டால் துணியே தட்டுப்படவில்லை. அப்படி இருந்தது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி என்ன வலி என்பது இல்லை. "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்றார்.

வீட்டுக்காரர் பர்வீனைப் பார்த்தார். வேனில் கூடவே வந்திருந்த அவள்தான் சொன்னாள். "ஒம்போது நாப்பதுக்கு ரிஜிஸ்தர்ல கையெழுத்து போட்டாங்க சார். நானும் அடுத்த வரியில போட்டேன். கையெழுத்து நேராத்தான் இருந்துச்சு."

அந்த ஒரு வரியை வைத்துத்தான் எனக்கு ஊசி போட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, மூளைக்குள் ரத்தம் கசியவில்லை, ஒரு குழாய்தான் அடைத்திருக்கிறது என்று முதலில் உறுதி செய்தார்கள். அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் சிலருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு வரலாம், சம்மதமா என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடும்போது அவர் பெயருக்குப் பதில் என் பெயரை எழுதிவிட்டார். அடித்துவிட்டு மறுபடி எழுதினார். மீனா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரிக்கமாட்டார்.

ஊசிக்குப் பிறகு கால் பெரும்பாலும் திரும்பி வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தில் ஒரு கருவியை வைத்துத் தேய்த்துப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் குழாயின் சுவரில் கொழுப்பு படிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு இல்லை என்றார்கள். அன்றுதான் பெரிய டாக்டரம்மா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இவங்களுக்கு முன்னாடியே கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு மக சொன்னாங்க. ஏன் நிறுத்தினாங்க?"

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. எனக்கு ரத்த அழுத்தம் இருந்தது, கெட்ட கொழுப்பு நூற்று அறுபத்தெட்டு இருந்தது. இரண்டுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். கொழுப்புக்குக் கொடுத்தது ஸ்டாட்டின் என்ற வகை. நாலு மாதம் போட்டேன். மறுபடி பார்த்தபோது நூற்று இரண்டு. பேப்பரில் நார்மல் என்று இருந்தது. அதே வாரத்தில் கெண்டைக்கால் இரண்டும் வலிக்க ஆரம்பித்தது. மேசை முன் நிற்க முடியவில்லை. வீட்டுக்காரரின் ஆட்டோ ஸ்டாண்டு தோஸ்த் ஒருவர், "அந்த மாத்திரை சதையைத் தின்னுடும், ஈரலும் போய்டும்" என்றாராம். வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம், "ரெண்டு வாரம் நிறுத்திப் பாரேன்" என்றார்.

கொழுப்பு மாத்திரையை மட்டும் நிறுத்தினேன். வலி போனது. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் பொங்கல் லீவும் வந்தது. நான் நிற்கவே இல்லை. வலி போனது மாத்திரை நின்றதாலா, நான் உட்கார்ந்ததாலா? அப்போது நான் யோசிக்கவில்லை. காய்ச்சல் போனபிறகு காய்ச்சல் மாத்திரை எதற்கு என்ற கணக்கில் அப்படியே விட்டுவிட்டேன். யாரிடமும் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மா கேட்டபோது எனக்குக் கேள்வி புரிந்தது. மூன்று நாளாக வாயே திறக்காதவள், பதில் சொல்ல வேண்டும் என்று எழுந்து உட்கார்ந்தேன். இடது கையால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அவரு."

என் வாயில் இருந்து தெளிவாக வந்த முதல் சொல் அதுதான்.

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. "சரி, நடந்தது நடந்துடுச்சு. இனிமே எங்களைக் கேக்காம நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது கையில் எனக்கு ஒரு சீப்பும் ரிப்பனும் இருந்தன. பின்னால் உட்கார்ந்து என் தலையை வாரினார். முப்பது வருஷத்தில் அவர் என் தலையைத் தொட்டு வாரியது இல்லை. பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. நான் "வேணாம்" என்று சொல்ல நினைத்து "வா, வா" என்றேன். அவர் இன்னும் இறுக்கிப் பின்னினார்.

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை எல்லாம் செய்தார். கஞ்சி ஊட்டினார், கைக்கு எண்ணெய் தடவினார். பார்வை மட்டும் சுவரில் இருந்தது. பர்வீன் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வராந்தாவில் அவளிடம், "நான்தான் இவளை இப்டி ஆக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் கட்டிலில் இருந்தே கேட்டேன். மறுத்துச் சொல்ல எனக்குச் சொல் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கணியம்பாடிப் பக்கத்தில் இருந்து வந்த ராணியம்மா இருந்தார். அவருக்கும் பக்கவாதம். அவரைப் பார்த்துக்கொண்டது அவர் மருமகள். என்னைவிட ராணியம்மாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தி. பல வருஷமாக மாத்திரை போடுகிறவர். ஒரு நாள் காலையில் நர்ஸ் வந்து எனக்கு முன்பு போட்டதைவிடப் பெரிய அளவு மாத்திரையைக் கொடுத்தார். பக்கத்தில் ராணியம்மாவின் சீட்டில் அதே மாத்திரையைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. ரவுண்டு வந்த சின்ன டாக்டரை மறித்துக்கொண்டார்.

"சார், ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. அந்தம்மா மாத்திரை போட்டாங்க, வந்துச்சு. இவ மாத்திரை வுட்டா, வந்துச்சு. இப்ப அவங்களுக்கு நிறுத்திட்டீங்க, இவளுக்கு ஏத்திட்டீங்க. இன்னா சார் இது? பேஜாரா இருக்குது சார்."

அந்தப் பையன் டாக்டர் ஓடிப்போகவில்லை. எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று சொன்னார்.

"அண்ணா, இவங்களுக்குக் குழாய் அடைச்சிக்கிச்சு. அவங்களுக்குக் குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. பேரு ஒண்ணு, நடந்தது வேற. அடைப்பு வந்தவங்களுக்கு இந்த மாத்திரை மறுபடி வராம தடுக்க உதவும்னு நல்லா தெரியும். கசிவு வந்தவங்களுக்குத் தொடரலாமா வேணாமாங்கறது ஒவ்வொருத்தரைப் பொறுத்து யோசிக்கற விஷயம். அதுல எங்களுக்குள்ளயே ஒரே பதில் இல்ல. பெரியவங்க பார்த்து இப்போதைக்கு நிறுத்தியிருக்காங்க."

"இவளுக்குத்தான் கொழுப்பு நூத்திப் பதினெட்டுன்னு வந்திருக்குது. நார்மல்னு போட்டிருக்கான் சார்."

"ஸ்ட்ரோக் வந்த நேரத்துல கொழுப்பு கம்மியாத்தான் காட்டும். அந்த நார்மலும் ஸ்ட்ரோக் வராதவங்களுக்கு. ஒருவாட்டி வந்தவங்களுக்கு எழுபதுக்குக் கீழ கொண்டுவரணும்."

பிறகு அவர் தன் சட்டைக் காலரைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, அதையே குழாய் மாதிரி வைத்து விளக்கினார். குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. அதற்கு மேல் மெல்லிய தோல் மாதிரி மூடியிருக்கிறது. அந்தத் தோல் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகி மேலே மூளைக்குப் போய் அடைக்கிறது. மாத்திரை ரத்தத்தில் கொழுப்பைக் குறைக்கும். படிந்த இடத்தில் அழற்சியைத் தணித்து அந்தத் தோல் கிழியாதபடி கெட்டியாக்கும். தோல் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்தது. பதினெட்டு வருஷமாக நான் பார்ப்பது அதைத்தானே, மெலிந்த இடமும் கிழியப்போகிற இடமும்.

என் வீட்டுக்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். கேட்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"சார், நிறுத்தாம இருந்திருந்தா இவளுக்கு வந்திருக்காதா?"

"சொல்ல முடியாதுண்ணா. வர்ற வாய்ப்பு கம்மியாயிருக்கும். அவ்ளோதான் சொல்ல முடியும். போட்டவங்களுக்கும் வருது. போடாத பலருக்கு வராமலே இருக்கு."

அவர் நன்றி சொன்னார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன்னை மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. அதுதான் அவர் நிலைமை.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் சின்ன வயது. படங்களைக் காட்டி இது என்ன என்று கேட்பாள். பசுவைப் பார்த்து நான் "பால்" என்பேன். சாவியைப் பார்த்து "வீடு" என்பேன். "பரவாயில்லம்மா, பக்கத்துல வந்துட்டீங்க" என்பாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ எனக்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள் வர ஆரம்பித்தன. அந்த நாளில் மதியம் சாப்பாடு வர லேட்டாகிவிட்டது.

"அவருக்குப் பசிக்குது" என்றேன்.

வீட்டுக்காரர், "நான் காலைலயே சாப்ட்டேன். எனக்குப் பசிக்கல" என்றார்.

"அவருக்குப் பசிக்குது!"

"சரி, போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் அழுதேன். மீனா ஓடி வந்தாள். கேண்டீனில் இருந்து அப்பாவைக் கூட்டி வந்தாள். "அம்மா ஒன்னப் பத்திக் கவலப்படுதுப்பா, ஏதாச்சும் சாப்புடு" என்று அவருக்கு இரண்டு பன் வாங்கிக் கொடுத்தாள். அவர் என் முன்னால் உட்கார்ந்து, வேண்டா வெறுப்பாக, சுவரைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் தின்றார். நான் பசியோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பயிற்சிப் பெண்ணிடம், "அவருக்குத் தலை வலிக்குது" என்று சொல்லிக்கொண்டே என் நெற்றியைத் தடவினேன். அவள் என் கையைக் கவனித்தாள். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, இவங்களுக்கு ‘நான்’ங்கற வார்த்தை மாறிப்போய் வருது. அந்த இடத்துல ‘அவர்’னு வந்துடுது. இப்படிச் சிலருக்கு ஆகும். மனசுல சரியா நினைப்பாங்க, வாயில வேற வந்துடும்" என்றாள்.

"அப்ப நேத்து பசி?"

"இவங்களுக்குத்தான்."

மீனா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டார். பயிற்சிப் பெண் போகும்வரை காத்திருந்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, அத்தனை நாளில் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"கஸ்தூரி. அன்னிக்கு டாக்டரம்மா கேட்டாங்களே, மாத்திரைய யாரு நிறுத்தினதுன்னு. நீ அவருன்னு சொன்னே. அது... ஒன்னையேதான் சொல்ல வந்தியா?"

நான் இதை எழுதும்போது நேர்மையாக இருக்க வேண்டும். அன்று நான் யாரைச் சொல்ல வந்தேன் என்று எனக்குத் தெரியாது. ‘நான்’ என்று சொல்ல வந்து மாறியதா, இல்லை அவரைத்தான் சொன்னேனா? நிறுத்தச் சொன்னது அவர். நிறுத்தியது நான். மறுபடி ஆரம்பிக்காமல் விட்டதும் நான். பலமுறை அந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்துவிட்டேன். டாக்டரம்மாவின் முகம் தெரிகிறது, கட்டில் கம்பியின் சில்லிப்பு தெரிகிறது, மனசுக்குள் யார் இருந்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த நேரம் எனக்குக் கோபம் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்து ராணியம்மாவின் மருமகள், "இன்னாண்ணா, இன்னா ஆச்சு?" என்று எழுந்து வந்தாள். நான் சொன்னேன், "அவரு அழுவுறாரு." அந்த ஒரு தடவை சொல் சரியான இடத்தில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து மூன்றாவது மாதம் கெண்டைக்கால் வலி மறுபடி வந்தது. வலியைவிட, இதைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம். நான்கு நாள் மறைத்தேன். மாடிப்படியில் நான் கைப்பிடியைப் பிடித்து ஏறுவதைப் பார்த்து அவரே கேட்டார். சொன்னேன். ஆட்டோ ஸ்டாண்டில் எவரிடமும் கேட்கவில்லை. மறுநாளே வேலூருக்கு அழைத்துப் போனார். சதை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை. தைராய்டு சரியில்லை என்றாலும் இப்படி வலிக்குமாம், அதையும் பார்த்தார்கள், சரியாகவே இருந்தது. கடைசியில் ஸ்டாட்டின் அளவைக் குறைத்து, கூடவே குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற வேறு ஒரு மாத்திரையைச் சேர்த்தார்கள். வலி குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. அது மாத்திரையா, வயசா, விழுந்து எழுந்த காலா என்று டாக்டரம்மாவும் அடித்துச் சொல்லவில்லை. "வலி தாங்கற மாதிரி இருக்கா? அப்ப இதையே தொடரலாம்" என்றார். தாங்குகிற மாதிரித்தான் இருக்கிறது.

போன வாரம் மறுபடி பரிசோதனை. மீனா கட்டாயப்படுத்தியதால் இந்த முறை அவரும் ரத்தம் கொடுத்தார். கெட்ட கொழுப்பு எனக்கு அறுபத்து நாலு. அவருக்கு நூற்று ஐம்பத்திரண்டு. டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு அவர் தன் சீட்டோடு வெளியே வந்தார். அதில் மாத்திரையே இல்லை. நடக்க வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் கம்மி பண்ண வேண்டும், மூன்று மாதம் கழித்து வர வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தது.

வராந்தாவில் நடந்துகொண்டே இரண்டு சீட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"ஒனக்கு கம்மி. ஒனக்கு ரெண்டு மாத்திரை. எனக்கு ஜாஸ்தி. எனக்கு ஒண்ணுமே இல்லியா? இது இன்னா கணக்கு?"

"சுகர் இல்ல, பிரஷர் இல்லன்னு..." என்று ஆரம்பித்தேன். மேலே எனக்கும் தெரியவில்லை. பத்து மாதமாக இதிலேயே கிடக்கிறேன், அப்படியும் தெரியவில்லை.

"மறந்துட்டு எழுதாம வுட்டாங்களோ?"

"தெரியாது."

"ஸ்டாண்டுல ஒருத்தர்கிட்ட..." என்று சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார்.

ஆம்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் திரும்பி, வந்த வழியே நடந்தோம். டாக்டரம்மா அறைக் கதவுக்கு வெளியே பன்னிரண்டு பேர் வரிசையில் இருந்தார்கள். "ஒரே ஒரு கேள்விம்மா" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். யாரும் விடவில்லை.

பதிமூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தோம்.